சேர்த்துவிட்டேன், நிரஞ்சன்

ஊசி போட்டாயிற்று. "மரத்துப் போகட்டும் ஜெசிந்தா, அப்படியே சாஞ்சு இருங்க, பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணுக்குக் கம்பி மாட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஹசீனா போய்விட்டார். நான் சாய்ந்து கிடக்கிறேன். தலை தாழ்ந்து கால் உயர்ந்த மாதிரி ஒரு நாற்காலி, கழுத்தில் காகிதத் துண்டு, வாயில் மருந்தின் கசப்பு. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், இடது பக்கம். விரிசல் விட்டிருக்கிறதாம். "ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?" என்று போன தடவை கேட்டார். தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அருள்தான், "உரல்ல போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் வரும் டாக்டர், நானே பயந்து முழிச்சிருக்கேன்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு யோசித்து, மகள் பிறந்த சமயத்திலிருந்து என்றார். அவருக்குத் தெரியாது, மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெங்களூரில் நிரஞ்சன் என்று ஒருவன் இருக்கிறான், அவனைத்தான் இத்தனை வருஷமாகத் தூக்கத்தில் மென்றுகொண்டிருக்கிறேன் என்று ஒரு பல் டாக்டரிடம் எப்படிச் சொல்வது. இப்போது அவன் என் கையில் இருக்கிறான். கையில் என்றால் போனில். போனில் அவன் பெயர், அதற்குக் கீழே அவன் எழுதி அனுப்பியிருக்கும் லைப்ரரி, அதற்கும் கீழே நான் பதில் எழுத வேண்டிய கட்டம். கட்டத்தில் காலையிலேயே எழுதி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. எழுதி வைத்தது என் சொற்களும் இல்லை, அவனுடையவை. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இது எங்கள் தரத்துக்கு ஏற்றதல்ல, மற்றவர்கள் எழுதியதைக் கொஞ்ச காலம் படித்துப் பழகிவிட்டு வரவும். ஒரு எழுத்து மாற்றவில்லை. அவன் வைத்த முற்றுப்புள்ளியைக்கூட அவன் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

உதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்கிறது. ஆரம்பித்துவிட்டது. நாக்கால் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஓர்லின் என்று சொன்னால் என் மாமியாருக்கு ஏதோ மாத்திரை என்று தோன்றும். அது ஒரு மேகக்கணி மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், திருத்தியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் சிலர் பார்த்துச் சொல்வார்கள். மெயின்டெய்னர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்களையோ ஒரு பள்ளிக்கூடத்தின் விடைத்தாள்களையோ எங்கோ இருக்கும் கணினிகளில் பத்திரமாக வைக்கும் வேலை ஓர்லினுடையது. அதோடு பேச ஒவ்வொரு நிரல்மொழிக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இங்கே கேட்டதை அங்கே சொல்லி, அங்கே தந்ததை இங்கே கொண்டுவந்து சேர்க்கிற ஆள். அந்த ஆளுக்குப் பெயர்தான் கிளையன்ட் லைப்ரரி. பைதான் மொழிக்கு அப்படி ஒரு ஆள் அன்றைக்கு இல்லை. நான் எழுதினேன். மகள் வயிற்றில் இருந்தபோது, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்ட மாதங்களில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, லேப்டாப்பைத் தலையணையில் சாய்த்து வைத்து எழுதினேன். தூத்துக்குடியில் அப்போது எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதிக் கோப்பு போய்க்கொண்டிருக்கும், கரண்ட் போகும், மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்கும். அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி எழுதினேன். வயிற்றில் அவள் உதைப்பாள், லேப்டாப் ஆடும். தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதினேன். அன்றைக்கு அடுக்களையிலிருந்து வந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது, டாக்டரம்மா உப்பு கூடாது என்றதால் எனக்குத் தர மாட்டார்கள், அந்தக் கோபத்தில் சோதனைக் கோப்புக்குக் கருவாட்டுக் குழம்பு என்று பெயர் வைத்தேன். தமிழ் எழுத்திலேயே. கருவாட்டுக் குழம்பு, போலந்தில் இருந்த ஒரு கணினிக்குப் போய், சிதையாமல் திரும்பி வந்தது. படுத்தபடியே சிரித்தேன்.

அதை அனுப்பினேன். என் பெயரில் அனுப்பவில்லை, ஜே. பாக்கியம் என்று அப்பா பெயரைச் சேர்த்து வைத்திருந்த பழைய கணக்கு, படம் கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. நிரஞ்சன் அன்றைக்கு மெயின்டெய்னர். தமிழன் என்று பெயரைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம், நம்ம ஆள் பார்க்கப் போகிறார் என்று. அவன் பார்த்தான். பார்த்து, வரிக்கு வரி எழுதினான். இது ஏன், இது எதற்கு, இதை யார் சொல்லிக்கொடுத்தது. ஒரு இடத்தில், இதை எழுதும்போது விழித்துக்கொண்டுதான் இருந்தீர்களா என்று. அதற்குக் கீழே நாலைந்து பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். கடைசியில் அந்த வாக்கியம், அதன்பிறகு மூடிவிட்டான். மூடப்பட்டது என்று சிவப்பில் வரும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இன்றைக்கும் இருக்கிறது. நான் வாரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன், கல்லறைக்குப் போகிறவர்கள் மாதிரி இல்லை, புண்ணைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அதில் எனக்கு இன்னமும் ஆறாதது ஒன்று உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. அவன் எழுதியதில் இரண்டு சரி. கடவுச்சொல்லை நான் வைத்திருந்த இடம் தவறு, அவன் சொன்னது சரி. இன்னொன்றும் சரி. அவன் முழுக்க முழுக்க அயோக்கியனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"மரத்துருச்சா?" டாக்டர் வந்துவிட்டார். கன்னத்தைத் தட்டுகிறார். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். "போனை உள்ள வச்சிருங்க. வலிச்சா இடது கையத் தூக்குங்க, வேற எதுவும் பேச வேண்டாம்." விளக்கு எரிகிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன், இமைக்குள் ஆரஞ்சு நிறம். ரப்பர் விரித்து, வாயைப் பிளந்து, எச்சிலை உறிஞ்சுகிற குழாயை மாட்டுகிறார்கள். இனி பேச முடியாது. சொல்ல வேண்டியது அத்தனையும் வாய்க்குள் இருக்க, வாய் மட்டும் என்னுடையது இல்லை. இதுவும் புதிதில்லை. ஒரு வேலைக்கான நேர்காணல் அறையிலும் இப்படித்தான் இருந்தேன். மகளுக்கு ஒரு வயது. வேலையை விட்டு இடைவெளி விழுந்திருந்தது, அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள், நான் பெருமையாக லைப்ரரி எழுதினேன் என்றேன். தாடி வைத்த ஒருவர், எங்கே பார்க்கலாம் என்று தன் கணினியைத் திருப்பி, அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூடப்பட்டது. கீழே நகர்த்தினார். உரக்கவே வாசித்தார், அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, படித்துக்கொண்டே போகிற பழக்கம். இதை எழுதும்போது விழித்துக்கொண்டுதான் இருந்தீர்களா. வாசித்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து ஊருக்கு வரும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு மனிதனை எப்படியெல்லாம் அழிக்கலாம் என்று முதல் முறையாக யோசித்தேன்.

துளைக்கிறார்கள். வலி இல்லை. சத்தம்தான். சத்தம் காது வழியாக வரவில்லை, தாடை எலும்பு வழியாக வருகிறது. எலும்புக்குள் யாரோ பேசுகிற மாதிரி. எரிந்த வாசனை, என் பல்லின் வாசனை. பயமாக இருக்கிறது, திடீரென்று மருந்து வேலை செய்யாமல் போய்விட்டால். கையைத் தூக்கலாமா. தூக்கவில்லை. நேர்காணல் முடிந்து கொஞ்ச மாதத்தில் பைதானுக்கான லைப்ரரி வெளிவந்தது. ஓர்லினின் அதிகாரபூர்வ லைப்ரரி, எழுதியவர் நிரஞ்சன். பாராட்டு மழை. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, என்ன அற்புதம் என்று யாரோ பிரேசிலிலிருந்து எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். பெயர்களை மாற்றியிருந்தான், வரிசையை மாற்றியிருந்தான், கடவுச்சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருந்தான். எலும்பு என்னுடையது. தன் பிள்ளையை வேறு சட்டையில் பார்த்தால் தாய்க்குத் தெரியாதா. இருந்தாலும் எனக்கே சந்தேகம் வந்தது, ஒரே பிரச்சினைக்கு இரண்டு பேர் ஒரே வழியைக் கண்டுபிடிக்கலாமே என்று. கடைசியாகச் சோதனைகள் இருக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே தமிழில் இருந்தது. கருவாட்டுக் குழம்பு. நிரஞ்சன் பரம சைவம், அதை அவனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறான், அலுவலகத்தில் முட்டை வைத்த மேசையில்கூட உட்கார மாட்டானாம். அவன் அடுக்களையில் என் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே எழுதிக் கேட்டேன். மரியாதையாகத்தான். ஐயா, இது என் வேலையைப் போல இருக்கிறது, உரிமப்படி எடுத்துக்கொள்வதில் தவறில்லை, எழுதியவர் பெயரை மட்டும் எடுக்கக்கூடாது அல்லவா என்று. அவன் பதிலும் மனப்பாடம். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லோருக்கும் சொந்தம் என்று அர்த்தம், பெயர் வேண்டும் என்றால் போய்க் கவிதை எழுதுங்கள். அருளிடம் காட்டினேன். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வாசித்தார். "விட்டுரு ஜெசி" என்றார். "விடுறதுக்கு இது என்ன, பஸ்ல ஒருத்தன் கால மிதிச்சதா?" என்றேன். "அவன் பெரிய இடத்துல இருக்கான். நாம இங்க இருக்கோம். நீ கத்தினா யாருக்குக் கேக்கும்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் சொன்னது சரி, அதனால் அவர் மேலும் கோபம் வந்தது. கத்தவில்லை. பழைய கணக்கை மூடினேன். ஜெசி அருள் என்று புதிதாக ஒன்று தொடங்கினேன். ஆரம்பத்தில் எழுத்துப்பிழை திருத்தினேன், ஆவணங்களில் விட்டுப்போனதைச் சேர்த்தேன், யாரும் தொட விரும்பாத சில்லறைப் பழுதுகளை எடுத்துச் செய்தேன். வருஷக்கணக்கில். யாரைப் பார்த்தாலும் நன்றி, மகிழ்ச்சி, சிறப்பு என்று எழுதினேன். போலந்துக்காரர் விக்டர், இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்த்ததில்லை என்று எல்லோருக்கும் சொல்லி என்னை மெயின்டெய்னர் ஆக்கினார். பொறுமையாம். குழிக்குப் பக்கத்தில் காத்திருக்கிறவளுக்கு ஊரார் வைக்கிற பெயர் அது.

"கொஞ்சம் வாயத் திறங்க, இன்னும். நல்லது." வேருக்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டுகிறார். நரம்பை எடுக்கிறார்களாம். எடுத்துவிட்டால் அப்புறம் அந்தப் பல்லுக்கு ஒன்றும் தெரியாது, சூடு தெரியாது, குளிர் தெரியாது, இருக்கும் அவ்வளவுதான் என்று விளக்கினார். அப்படி ஒரு சிகிச்சை ஆளுக்கும் இருந்தால் செய்துகொள்வேனா. மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இந்தக் கோபம் இல்லையென்றால் நான் யார். காலையில் எழுந்து கணினியைத் திறக்க வைத்தது அதுதானே. அதற்குள் நிரஞ்சன் ஓர்லினை விட்டுப் போயிருந்தான், மேலாளராகி, வேறு கம்பெனி மாறி, அது மூடிப்போய், இப்போது யாருக்கோ ஒப்பந்தத்தில் வேலை. மழைக்கு முன்னால் திரும்பி வந்தான். ரஸ்ட் மொழிக்கு ஒரு கிளையன்ட் லைப்ரரி எழுதி அனுப்பியிருந்தான். பார்த்துச் சொல்ல வேண்டியவர்: ஜெசி அருள். அந்த அறிவிப்பு வந்த அன்று மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஏன் இவ்ளோ இறுக்கமா இழுக்கீங்க?" என்றாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் என் கண்டுபிடிப்பு. மூடினால் அவன் கேள்வி கேட்கலாம், விக்டரிடம் முறையிடலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் யாரிடம் போவான். வணக்கம் மேடம், நேரம் கிடைக்கும்போது பார்க்கவும் என்று எழுதினான். விட்டேன். மேடம், அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம் என்று எழுதினான். அதைக் காலைக் காப்பியோடு வாசித்தேன், தித்தித்தது. அப்புறம் தனியாக மின்னஞ்சல். இந்த லைப்ரரி அதிகாரபூர்வமாகச் சேர்ந்தால்தான் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிக்கும், மாதக் கடைசி வரைக்கும்தான் அவகாசம், உங்கள் பொறுமையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். மேடம், மேடம், மேடம். அதில்தான் மாட்டிக்கொண்டேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. ஜே. பாக்கியம் என்று ஒரு ஆள் இருந்ததே அவன் ஞாபகத்தில் இருக்காது. அடிக்கிறவனை அடையாளம் தெரியாமல் அடி வாங்கினால் அதற்குப் பெயர் பழியா, அது ஏதோ கெட்ட நேரம் என்று நினைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவான். அதைவிட மோசம் இன்னொன்று. லைப்ரரி நன்றாக இருக்கிறது. பிழை தேடினேன், ஒரு வாரம் முழுக்க, பேன் பார்க்கிற மாதிரி வரிவரியாக. அவன் மேல் இருக்கிற வெறுப்பில் நல்லதும் கெட்டதாகத் தெரியுமோ என்று பயந்து மறுபடி பார்த்தேன். இல்லை, சுத்தமாக எழுதியிருக்கிறான். இந்தத் தடவை யாரிடமும் எடுக்கவில்லை, தேடிவிட்டேன். எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறான். தோற்றுப்போனவன் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறான். அந்த வாக்கியத்தை, உங்கள் தரம் போதாது என்கிற வாக்கியத்தை, இதன் மேல் ஒட்டினால் நான் பொய் சொல்கிறவள். அவன்கூட அன்றைக்கு இரண்டு இடத்தில் உண்மை சொன்னான்.

"முடிஞ்சிருச்சு. தற்காலிகமா அடைச்சிருக்கேன். வெளிய உக்காருங்க, ஒரு எக்ஸ்ரே பாத்துட்டு அனுப்பிர்றேன். பஞ்சைக் கடிச்சுக்கோங்க." எழுந்தபோது தரை கொஞ்சம் நகர்ந்தது. வெளியே நீல நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன், சுவரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு குடும்பம். வரவேற்பில் இருக்கும் பெண், பெயர் சுடர்மதி என்று அட்டை மாட்டியிருக்கிறாள், எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. பெங்களூர் எண். குழுவுக்கு நான் அனுப்பும் மின்னஞ்சல்களின் அடியில் என் எண் இருக்கும், அதிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

"மேடம், வணக்கம். நிரஞ்சன் பேசறேன். ஓர்லின் ரஸ்ட் லைப்ரரி விஷயமா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும்."

குரல் நான் நினைத்து வைத்திருந்த குரல் இல்லை. இத்தனை வருஷமும் அவனுக்கு நான் ஒரு கனத்த குரல் கொடுத்து வைத்திருந்தேன். இது மெலிந்து, அடித்தொண்டையில் சளி கட்டிய குரல். "ம்" என்றேன். பஞ்சும் மரத்த உதடும் சேர்ந்து அதற்கு மேல் வரவில்லை.

"மாதக் கடைசின்னு சொல்லியிருந்தேன் இல்லையா மேடம். ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எது குறைன்னாலும் மாத்திடறேன். உடம்பு சரியில்லையா மேடம்? குரல் ஒரு மாதிரி இருக்கே."

பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டினேன். "பல்லு" என்றேன். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக, உதடு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிச் சொன்னேன். "என் பழைய கணக்கு ஜே. பாக்கியம்."

பின்னால் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. ஞாபகம் இருக்காது என்று நினைத்தேனே, இருந்திருக்கிறது. மறந்தவனாக இருந்தால், யார் அது என்று கேட்டிருப்பான்.

"பைதான் லைப்ரரி" என்றான், மெதுவாக.

"ம்."

"அது நீங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருந்தா?"

சுடர்மதி தட்டச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள், எச்சில் வழிந்திருக்கிறது போல, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். துடைத்துக்கொண்டேன்.

"அப்ப வேலை நெருக்கடி மேடம். ரிலீஸ் தேதி குடுத்துட்டாங்க. உங்களோடத மூடினப்புறம்தான் யோசிச்சேன், அந்த வழிதான் சரின்னு. திரும்பத் திறந்தா நான் தப்புன்னு ஆயிடும். அதான்." மூச்சை இழுத்தான். "நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"உங்க லைப்ரரி நல்லா இருக்கு" என்றேன். "இன்னிக்கே சேத்துருவேன்."

"மேடம், நீங்க பெரிய மனசு பண்ணி..."

வைத்துவிட்டேன். பெரிய மனசு. என் மனசின் அளவை அவன் எடுக்க வேண்டாம். கட்டத்தில் இருந்த அவன் வாக்கியத்தை அழித்தேன், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாக. அந்த இடத்தில் எழுதினேன்: பார்த்தேன். தெளிவாக இருக்கிறது, சோதனைகள் முழுமை, குறை எதுவும் இல்லை. சேர்க்கிறேன். அழுத்தினேன். சேர்க்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. அவன் ஒப்பந்தம் நீளும், நீளட்டும். அழுத்திய விரலில் எந்தப் புண்ணியமும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அழுத்துவதற்கு முன்னாலேயே அடுத்த வேலையை மனம் தொடங்கியிருந்தது. இத்தனை வருஷமும் நான் யோசித்ததில் இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அவன் லைப்ரரியை மூடிவிட்டு, பழைய கதையை எழுதியிருந்தால் வன்மம் பிடித்தவள் என்பார்கள். மூடுவதற்கு முன்னால் எழுதினால் மிரட்டல் என்பார்கள். அவன் வேலையை நல்லது என்று என் பெயரிட்டு, எல்லோரும் பார்க்க, சேர்த்துவிட்டு எழுதினால் என்ன சொல்வார்கள். சோற்றுக்கு வழி விட்டாயிற்று, இனி பெயரை எடுக்கலாம்.

பழைய பக்கத்துக்குப் போனேன். சிவப்பில் மூடப்பட்டது. அதன் அடியில் இத்தனை வருஷமாக யாரும் எழுதாத வெற்றிடம். அதில் எழுதினேன். ஜே. பாக்கியம் நான்தான். கீழே இடது பக்கம் இருப்பது நான் அனுப்பியது, வலது பக்கம் இருப்பது அதற்குப் பிறகு வெளியானது, தேதிகள் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு சோதனைக் கோப்பு தமிழில் இருக்கிறது, தமிழ் தெரியாதவர்களுக்காக அதன் பொருளையும் எழுதுகிறேன், உலர்ந்த மீனில் வைக்கும் குழம்பு. நிரஞ்சன் அவர்களின் புதிய லைப்ரரியை இன்று நானே பரிசோதித்துச் சேர்த்தேன், அது அவருடைய சொந்த வேலை, நன்றாக இருக்கிறது. பைதான் லைப்ரரியில் எழுதியவர் பெயரைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வசவு இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. கவிதையும் இல்லை. விக்டருக்கு அறிவிப்பு போகும்படி அவர் பெயரைச் சேர்த்தேன், அவன் பெயரையும் சேர்த்தேன். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அருள் சொன்னது ஞாபகம் வந்தது, நீ கத்தினா யாருக்குக் கேக்கும். கத்தவில்லை அருள், பாருங்க. அனுப்பினேன்.

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "எக்ஸ்ரே நல்லா வந்திருக்கு ஜெசிந்தா, அஞ்சு நிமிஷம், மருந்து எழுதித் தர்றேன்" என்றார். தலையாட்டினேன். விக்டரிடமிருந்து முதல் வரி வந்துவிட்டது. இதை ஏன் இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லை, திருத்தத்தை நானே இன்று செய்கிறேன். முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் அன்றைய சிரிப்பு முகத்தை எடுத்துவிட்டார், எண்ணிக்கை ஒன்று குறைந்தது. அதன்பிறகு போன் அடித்தது. பெங்களூர் எண். இந்தத் தடவை நான் அதற்குப் பெயர் போட்டு வைத்திருந்தேன், நிரஞ்சன் என்று பெரிதாக வந்தது. பக்கத்து நாற்காலியில் திரை மேலே தெரிய போனை வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி என்பதால் அதிர்ந்து நகர்ந்தது.

"அக்கா, உங்க போன்தான்" என்றாள் சுடர்மதி.

"தெரியும்."

"எடுக்கலையா?"

"அடிக்கட்டும்மா" என்றேன்.

நின்றது. மறுபடி அடித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.